விரலில்லாத கிளவுஸ்: மேடுபள்ளப் பின்னலை எங்கே போடுவது, எங்கே விடுவது?

தறிநூல்
வணக்கம் மக்களே. ஓ.எம்.ஆரில் ஐடி வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே ஏசி நேராக என் சீட்டுக்கு மேல்தான் ஊதுகிறது, யாரிடம் சொன்னாலும் "சென்ட்ரல் ஏசி, ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். சரி, விரலில்லாத கிளவுஸ் ஒரு ஜோடி குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னல்) பின்னிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். ஸ்கார்ஃப், தொப்பி, குழந்தைக்கு ஷூ எல்லாம் போட்டுப் பழக்கம்தான்.

இணையத்தில் கிடைத்த இலவச பேட்டர்ன். உள்ளங்கை, புறங்கை என்று பார்க்காமல் சுற்றி முழுக்க வாஃபிள் பின்னல், அதாவது கட்டம் கட்டமாக மேடு எழும்பும் பின்னல். படத்தில் கொள்ளை அழகு. ஒரு கை முடித்து மாட்டினால் கை மடங்கவே மாட்டேன் என்கிறது. மவுஸைப் பிடித்தால் கட்டங்கள் உள்ளங்கையில் அழுத்துகின்றன, கட்டைவிரல் ஓட்டை வேறு இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்து உள்ளங்கைப் பக்கம் போய் நிற்கிறது. டிகே கனத்தில் (ரொம்ப மெல்லிசும் இல்லை, தடிமனும் இல்லை) அக்ரிலிக் நூல், ஊசி 4 மி.மீ., எண்ணிக்கை எல்லாம் பேட்டர்ன் சொன்னபடியேதான்.

இதைப் பிரித்துவிட்டு வேறு பின்னலுக்குப் போவதா, இல்லை வாஃபிளையே பெரிய ஊசியில் போட்டுப் பார்ப்பதா? ஓட்டை ஏன் நகர்கிறது என்று யாராவது சொன்னால் புண்ணியம்.

குன்னூர்க்குளிர்
தங்கச்சி, பிரித்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஊசியைப் பெரிதாக்கினால் கண்ணிகளுக்கு நடுவே காற்றுதான் வரும், விறைப்பு அவ்வளவாகப் போகாது.

வாஃபிளில் பாதி வேலை போஸ்ட் கண்ணி. கீழ் வரிசைக் கண்ணியின் தலையில் குத்தாமல் அதன் தண்டைச் சுற்றி ஊசியை விடுகிறோம். அதனால் துணி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கனமாகும், அகலம் உள்ளே சுருங்கும், இழுத்தால் கொடுக்காது. போர்வைக்கும் அடுப்பங்கரைப் பிடிதுணிக்கும் அதுவே நல்ல குணம். மடங்கி விரிய வேண்டிய கைக்கு ஆகாது.

டிசைன் புறங்கையில் மட்டும் இருக்கட்டும். உள்ளங்கை வெறும் ஹாஃப் டபுள், அதாவது நடுத்தர உயரத்தில் நிற்கும் சாதாக் கண்ணி. நான் இங்கே விற்பதெல்லாம் அப்படித்தான். தலைக்குந்தா பக்கம் ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும், அந்த நேரத்தில் கேரட் கழுவி மூட்டை கட்டப் போகிறவர்கள் வாங்கிப் போடுகிறார்கள். உள்ளங்கையில் முண்டும் முடிச்சுமாக இருந்தால் மறுவருஷம் என் பக்கமே வர மாட்டார்கள்.

பாப்கார்ன்பைத்தியம்
அக்கா சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். டிசைன் கிளவுஸ் என்றால் சுற்றி டிசைன் இருக்க வேண்டும். பாதி போட்டுப் பாதி விட்டால் ஏதோ நூல் தீர்ந்துபோன மாதிரி இருக்காதா? நான் முழுக்க பாபிள் (குமிழ் குமிழாகப் புடைக்கும் பின்னல்) போட்டு ஒரு ஜோடி செய்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வசதியாகவே இருக்கிறது.

குன்னூர்க்குளிர்
அதைப் போட்டுக்கொண்டு என்ன வேலை செய்கிறீர்கள்?

பாப்கார்ன்பைத்தியம்
டீ குடிக்கிறேன் 😄

குன்னூர்க்குளிர்
டீக்குப் பாபிள் தாராளமாகத் தாங்கும். தங்கச்சி எட்டு மணிநேரம் டைப் அடிக்கிறார்.

ஸ்கார்பரோமருமகள்
நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே மைனஸ் 20-க்குப் போகிற நாளில் விரலில்லாத கிளவுஸ் தெருவுக்கு உதவாது. அதுக்கு மேலே தடித்த மிட்டன் (நாலு விரலும் ஒரே பைக்குள்ளே போகிற கையுறை) போட வேணும். ஆனால் பஸ்ஸில் ப்ரெஸ்டோ கார்டு (பயணக் கட்டண அட்டை) எடுக்கவும் போன் பார்க்கவும் விரல் வெளியே இருக்கத்தான் வேணும். அதால என்ன நடக்குது என்றால், இது உள்ளே போடுகிற கிளவுஸாகப் போய்விடும். முழுக்க வாஃபிள் போட்டால் மேலே மிட்டன் ஏறாது. ஆகவே நானும் குன்னூர் அக்காவின் பக்கம்தான். புறங்கையில் அல்பைன் பின்னல் போட்டுப் பாருங்கோ, வடிவாக இருக்கும், வாஃபிள் அளவுக்குத் தடிப்பும் இல்லை.

தறிநூல்
அல்பைன் பார்த்திருக்கிறேன், போட்டதில்லை. ஆனால் ஒரு சந்தேகம். புறங்கையில் ஒரு பின்னல், உள்ளங்கையில் வேறு பின்னல் என்றால் இரண்டும் ஒரே உயரத்தில் வளராதே? ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, கிளவுஸ் வளைந்துகொள்ளாதா?

குன்னூர்க்குளிர்
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பல பேட்டர்ன்களில் இதைப் பற்றி மூச்சே இருக்காது.

கணக்கு இப்படி. (பெயர்கள் எல்லாம் அமெரிக்க முறை, பழைய பிரிட்டிஷ் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒரு படி கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.) சிங்கிள் என்பது ஒரு சங்கிலி உயரம் (சங்கிலி என்றால் ஊசியில் நூலை ஒரு தடவை இழுத்துப் போடும் வெறும் வளையம்). ஹாஃப் டபுள் இரண்டு, டபுள் மூன்று. அல்பைனில் ஒரு வரிசை டபுள், அடுத்த வரிசை சிங்கிள், இப்படி மாறி மாறி வரும். மூன்றும் ஒன்றும் நான்கு. உள்ளங்கையில் இரண்டு வரிசையும் ஹாஃப் டபுள் போட்டால் இரண்டும் இரண்டும் நான்கு. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை இரண்டு பக்கமும் சமமாகிவிடும். நடுவில் ஒரு சுற்றில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் தெரியும், பயப்பட வேண்டாம், அடுத்த சுற்றில் சரியாகும்.

வாஃபிளுக்கு இந்தக் கணக்கு வராது. எல்லா வரிசையிலும் டபுள் இருப்பதால் உள்ளங்கையையும் டபுளில் போட வேண்டிவரும், அப்புறம் இடைவெளி வழியாக ஏசி காற்று உள்ளே.

கொக்கிஊசி
ஓட்டை நகர்வதற்கு நான் பதில் சொல்கிறேன். நீங்கள் திருப்பாமல் சுற்றிச் சுற்றிப் போட்டிருப்பீர்கள், சரிதானே? குரோஷாவில் ஒரு கண்ணி அதன் கீழ்க் கண்ணிக்கு நேர் மேலே உட்காராது. வலது கைக்காரர்களுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி உட்காரும். தொப்பியில் இது தெரியாது, தொப்பிக்கு முன் பின் ஏது? கையுறையில் பத்துப் பன்னிரண்டு சுற்று போவதற்குள் தையல் கோடு சாய்ந்து, அதோடு கட்டைவிரலும் ஊர்ந்து போயிருக்கும்.

இதற்கு வழி, ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஸ்லிப் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) போட்டு இணைத்து, சங்கிலி ஏற்றி, வேலையைத் திருப்பிவிடுவது. ஒரு சுற்று வலம் சாய்ந்தால் அடுத்தது இடம் சாயும். கோடு நேராக நிற்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. தட்டையாகப் போடும் பேட்டர்ன்களில் பின்பக்க வரிசைக்கு "ஃப்ரண்ட் போஸ்ட்" (தண்டை முன்னிருந்து சுற்றும் கண்ணி) என்று எழுதியிருப்பார்கள். திருப்பாமல் சுற்றும்போது அதை அப்படியே போட்டால் மேடு தப்பான பக்கம் போய்விடும், பேக் போஸ்ட்டாக (தண்டைப் பின்னிருந்து சுற்றுவது) மாற்றியாக வேண்டும். திருப்பித் திருப்பிப் போட்டால் எதையும் மாற்ற வேண்டாம்.

பாப்கார்ன்பைத்தியம்
ஓ! அதனால்தான் என் பாபிள் எல்லாம் உள்பக்கம் குதிக்கிறதா? ஒவ்வொன்றாக விரலால் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

கொக்கிஊசி
ஆமாம். பாபிள் எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கம்தான் புடைக்கும். அதனால்தான் பின்பக்க வரிசையில் போடச் சொல்வார்கள். திருப்பாத சுற்றில் எல்லாமே முன்பக்கம், பாபிள் உள்ளேதான் போகும். அங்கே உங்கள் பெயருக்கு ஏற்றபடி பாப்கார்ன் போடுங்கள். ஐந்து டபுளை ஒரே இடத்தில் போட்டு, ஊசியை எடுத்துவிட்டு, முதல் டபுளின் தலையில் முன்னிருந்து பின்னாகக் குத்தி, விட்ட வளையத்தை இழுத்தால் தானாகவே நம் பக்கம் புடைத்து நிற்கும்.

பனியன்காரன்
நான் திருப்பூர். எங்கள் ஊரில் ஓடுவதெல்லாம் நிட்டிங், குரோஷா என் மனைவியின் துறை, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வாயடிப்பவன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கையுறைக்கு நிட்டிங்தானே பொருத்தம்? பனியன் கழுத்துப்பட்டிக்கு நாங்கள் ரிப் துணி வைக்கிறோமே, தலை நுழையும்போது விரிந்து, நுழைந்ததும் சுருங்கிக்கொள்ளும். குரோஷாவில் அந்த இழுவை எங்கே?

குன்னூர்க்குளிர்
வாங்க தம்பி. நிட்டிங் இழுவை நிட்டிங்குக்குத்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் மேடுபள்ளம் என்று வந்தால் குரோஷா வேறு ஜாதி, கண்ணி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்பதால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தூக்கலாம். இழுவை எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அதாவது மணிக்கட்டில்.

மணிக்கட்டுப் பட்டியைக் குறுக்காகப் போட வேண்டும். 13 சங்கிலி, திரும்பி 12 சிங்கிள். அடுத்த வரிசையிலிருந்து கண்ணியின் பின் இழையில் மட்டும் குத்தி அதே 12. இப்படியே 30 வரிசை. நீளவாக்கில் பிடித்து இழுத்துப் பாருங்கள், உங்கள் கழுத்துப்பட்டி மாதிரியே விரிந்து சுருங்கும். இரண்டு முனையையும் ஸ்லிப்பால் இணைத்தால் வளையம். அதன் விளிம்பில் ஒரு வரிசைக்கு ஒரு சிங்கிள் என்று 30 எடுத்துக்கொண்டு கைப்பகுதியைத் தொடங்கலாம்.

பனியன்காரன்
மனைவியிடம் காட்டினேன். "இது தெரியாமலா இருக்கேன்" என்கிறார். மன்னிக்கவும்.

தறிநூல்
30 ஏன்? என் பேட்டர்னில் 36 இருந்தது.

குன்னூர்க்குளிர்
உங்கள் 36 வாஃபிளுக்காக. அது சுருங்கும் என்று தெரிந்து கூட்டி வைத்திருப்பார்கள்.

டேப்பை எடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல் முட்டிகளுக்கும் கீழே கையைச் சுற்றி அளவெடுங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 18, 19 செ.மீ. வரும். டிகே நூலில் 4 மி.மீ. ஊசியோடு எனக்கு 10 செ.மீ.க்கு 16 ஹாஃப் டபுள் விழுகிறது. 30 போட்டால் 19-க்குக் கொஞ்சம் குறைய. கையில் ஒட்டி நிற்கும், இறுக்காது. உங்கள் கை இறுக்கமாகப் பின்னுமா, தளர்வாகப் பின்னுமா என்று எனக்குத் தெரியாதே, அதனால் சின்னதாக ஒரு சதுரம் போட்டு எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். தொப்பிக்கு யாரும் சதுரம் போடுவதில்லை, தலை மன்னித்துவிடும். கை மன்னிக்காது.

30-ல் புறங்கைக்கு 15, உள்ளங்கைக்கு 15. அந்த 15-ல் அல்பைன் அழகாக உட்காரும். முதலில் டபுள் வரிசை. பிறகு சிங்கிள் வரிசை. மூன்றாவதில் கீழே உள்ள டபுளின் தண்டைச் சுற்றி ஒரு ஃப்ரண்ட் போஸ்ட் டபுள், அடுத்த சிங்கிளின் தலையில் ஒரு சாதா டபுள், இப்படி மாற்றி மாற்றி. போஸ்ட்டில் தொடங்கிப் போஸ்ட்டிலேயே முடியும், ஒற்றைப்படை என்பதால். திரும்ப சிங்கிள் வரிசை. அடுத்த டபுள் வரிசையில் இடம் மாற்றுங்கள், முன்பு சாதா டபுள் இருந்ததைப் போஸ்ட்டால் பிடியுங்கள். போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு சிங்கிள் சும்மா நிற்கும், அதை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் எண்ணிக்கை எகிறும். சுற்றுக்குச் சுற்று திருப்புவதால் போஸ்ட் வரிசை எப்போதும் முன்பக்கமாகவே வரும்.

ஸ்கார்பரோமருமகள்
வலது இடது பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. சுற்றி ஒரே டிசைன் என்றால் இரண்டும் ஒன்றுதான், எந்தக் கையிலும் போடலாம். புறங்கையில் மட்டும் டிசைன் என்றால் ஜோடி கண்ணாடி பார்த்த மாதிரி எதிரெதிராக வர வேணும். இல்லாவிட்டால் இரண்டு வலது கைதான் கிடைக்கும்.

சுற்றைச் சுண்டுவிரல் பக்கம் தொடங்குங்கோ. மணிக்கட்டிலிருந்து விரலை நோக்கிப் பின்னுகிறோம், முன்பக்கம் வெளியே. வலது கைக்கு முதல் 15 புறங்கை, பிறகு 15 உள்ளங்கை. இடது கைக்கு முதல் 15 உள்ளங்கை, பிறகு 15 புறங்கை. இரண்டிலும் கட்டைவிரல் நடுவில், அதாவது இரண்டு பதினைந்தும் சந்திக்கிற இடத்தில் விழும். திருப்பிப் போடுகிற சுற்றில் வரிசை தலைகீழாக வருவதால் சந்திக்கிற இடத்திலும் தொடக்கத்திலும் ஒவ்வொரு ஊக்கு குத்தி வையுங்கோ. இது வலக்கையால் ஊசி பிடிக்கிறவர்களுக்கு. இடக்கைக்காரர் எல்லாவற்றையும் மாற்றிப் போட வேணும்.

இடக்கைராணி
கடைசியில் ஒருவராவது எங்களை நினைத்தீர்களே! கண்ணீர் மல்க நன்றி.

தறிநூல்
கட்டைவிரல்? வெறும் ஓட்டை போதுமா, இல்லை கொஞ்சம் குழாய் மாதிரி நீட்ட வேண்டுமா?

கொக்கிஊசி
ஓட்டை மட்டும் விட்டால் போட்டுக் கழற்றும்போது விளிம்பு தொளதொளத்துவிடும். இரண்டு மூன்று சுற்றாவது நீட்டுங்கள்.

மணிக்கட்டுப் பட்டிக்கு மேல் ஏறக்குறைய 5 செ.மீ. வந்ததும் கையில் மாட்டிப் பாருங்கள். கட்டைவிரல் கையை விட்டுப் பிரியும் கவட்டுக்கு ஒரு சுற்று கீழே இருக்கும்போது, முன்பக்கச் சுற்றில், சந்திக்கும் இடத்தை ஒட்டி உள்ளங்கைப் பக்கம் 5 கண்ணியை விட்டுவிட்டு 5 சங்கிலி போட்டுத் தாண்டுங்கள். அடுத்த சுற்றில் அந்தச் சங்கிலி மேலேயே ஹாஃப் டபுள். எண்ணிக்கை மறுபடி 30.

பிறகு அந்த ஓட்டையைச் சுற்றி நூலை இணைத்துக் கண்ணி எடுக்க வேண்டும். கீழே 5, மேலே 5. இங்கேதான் எல்லாருக்கும் இரண்டு மூலையிலும் பல்லிளிக்கும். தையல் ஊசியில் நூலைக் கோத்து அப்புறம் தைத்து மூடுகிறவர்கள் உண்டு, அது உள்ளே முடிச்சாக உறுத்தும். அதற்குப் பதில் மூலைக்கு இரண்டிரண்டு கண்ணி கூடுதலாக எடுங்கள். எங்கே குத்துவது என்று தெரியாவிட்டால் மூலையில் குறுக்கே ஓடும் இழையைத் தேடி, அதை ஒரு முறுக்கு முறுக்கிக் குத்துங்கள், முறுக்கினால்தான் துளை மூடும். மொத்தம் 14 வரும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் 12. சராசரிக் கட்டைவிரலுக்கு 12 சரியாக இருக்கும்.

ஆண்களுக்கு, அல்லது கை கொஞ்சம் தாட்டியாக இருப்பவர்களுக்கு இந்த முறை கட்டைவிரல் அடியில் பிடிக்கும். அவர்களுக்கு மணிக்கட்டு முடிந்த உடனேயே சந்திக்கும் இடத்தில் ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போய் ஒரு முக்கோணத் துண்டு வளர்க்க வேண்டும். வேலை அதிகம், ஆனால் மாட்டினால் தோல் மாதிரி படியும்.

பாப்கார்ன்பைத்தியம்
சரி சரி, தோற்றேன். புறங்கையில் மட்டும் பாப்கார்ன் போடுகிறேன். ஆனால் முட்டிக்கு நேர் மேலே போடலாமா?

குன்னூர்க்குளிர்
வேண்டாம். கை மடங்கும்போது அங்கேதான் துணி இழுபடும், மேஜையில் உரசி முதலில் பஞ்சு பறப்பதும் அங்கேதான். புறங்கை நடுவில் ஒரு வைர வடிவமாகக் கொத்தாகப் போட்டு, முட்டி வரும் கடைசி இரண்டு சுற்றும் 3.5 மி.மீ. ஊசியில் வெறும் சிங்கிள் போட்டு முடித்துவிடுங்கள். விளிம்பு விரியாமல் பிடித்துக்கொள்ளும்.

நூலாம்படை
புதியவள். நூல் எது வாங்கலாம்? ஃபேன்சி ஸ்டோரில் வர்த்தமான், ஓஸ்வால் இரண்டும் இருக்கின்றன. காட்டன் வாங்கினால் நம் ஊருக்கு நல்லதில்லையா?

பனியன்காரன்
இதற்கு நான் பேசலாம். காட்டன் இழைக்குத் தானாகச் சுருங்கும் குணம் குறைவு. ஒரு தடவை விரிந்தால் துவைக்கும் வரை விரிந்தே கிடக்கும். ஈரம் குடித்தால் கனத்து, சில்லென்று இருக்கும். மேடுபள்ளமும் தொங்கிவிடும். அந்த இரண்டு கம்பெனி அக்ரிலிக்கும் போதும், லேபிளில் ஊசி அளவு 4 மி.மீ. பக்கம் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புசுபுசு நூலும் கலர் கலராக மாறும் நூலும் வேண்டாம், எவ்வளவு பாடுபட்டு டிசைன் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. அடர் கறுப்பும் அப்படித்தான். ஒரே நிறம், கொஞ்சம் வெளிர், நன்றாக முறுக்கிய இழை.

குன்னூர்க்குளிர்
தம்பி சொன்னதோடு இரண்டு. அக்ரிலிக் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்காதீர்கள். அது உருகித் தோலில் ஒட்டும். கம்பளி அப்படி உருகாது, கருகும், அவ்வளவுதான். எங்கள் பக்கம் விறகடுப்பு வைத்திருப்பவர்களுக்குக் கம்பளி நூலில்தான் போட்டுத் தருவேன், விலை கூடினாலும். ஆனால் அதை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கட்டியாகிவிடும், பச்சைத் தண்ணீரே போதும்.

அப்புறம், முடித்ததும் அழகாகப் படியட்டும் என்று அக்ரிலிக் மேல் ஆவி இஸ்திரி பிடிக்காதீர்கள். சூட்டில் இழை தளர்ந்து மேடெல்லாம் படுத்துவிடும், பிறகு என்ன செய்தாலும் எழும்பாது. தண்ணீர் தெளித்து, கையால் வடிவம் பிடித்து, நிழலில் காய விட்டால் போதும்.

ஸ்கார்பரோமருமகள்
நூல் அளவும் சொல்லிவிடுகிறேன். சாதாரண நீளத்துக்கு 100 கிராம் போதும். முழங்கை வரை நீட்ட ஆசைப்பட்டால் போதாது. முதல் கை முடிந்ததும் அடுப்பங்கரைத் தராசில் கையையும் மீதி நூலையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கோ. மீதி நூல் கையைவிடக் கூட இருந்தால் பயமில்லை. குறைந்தால் மணிக்கட்டுப் பட்டியைச் சின்னதாக்கித் திரும்பப் போட வேணும்.

இன்னொன்று, நூல் போதும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு கையை முழுதாக முடித்துவிட்டு மற்றதைத் தொடங்காதேங்கோ. இரண்டு பட்டியையும் போட்டு, பிறகு இரண்டு கைப்பகுதியையும் கட்டைவிரல் வரை, பிறகு மேலே. ஒரு கை திங்கட்கிழமை கோபத்திலும் மற்றது ஞாயிற்றுக்கிழமை சோம்பலிலும் பின்னினால் அளவு ஒன்றாக வராது. ஒற்றைக் கையோடு அலுத்துப்போய் விட்டுவிடுகிற வியாதிக்கும் இது மருந்து.

தறிநூல்
பிரித்தாயிற்று, இரண்டு பட்டியும் முடிந்தன. புறங்கை அல்பைன் நான்கு சுற்று வளர்ந்திருக்கிறது. உயரம் அக்கா சொன்னது போலவே இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை சமமாகிறது, ஊக்குகளும் நேர்கோட்டில் நிற்கின்றன. மாட்டிக்கொண்டு இந்தப் பதிவை டைப் அடித்துப் பார்த்தேன், உள்ளங்கையில் உறுத்தல் இல்லை. ஒரே ஒரு குறை, சுற்று திருப்பும் இடத்தில், சுண்டுவிரல் பக்கம், சின்னச் சின்ன இடைவெளி தெரிகிறது.

கொக்கிஊசி
திருப்பும்போது எத்தனை சங்கிலி போடுகிறீர்கள்? அதை ஒரு கண்ணியாக எண்ணுகிறீர்களா?

தறிநூல்
இரண்டு. ஆமாம், எண்ணுகிறேன்.

கொக்கிஊசி
எண்ணாதீர்கள். டபுள் சுற்றுக்கு இரண்டு, சிங்கிள் சுற்றுக்கு ஒன்று, இரண்டும் கணக்கில் வராது. சங்கிலி புறப்படும் அதே இடத்திலேயே முதல் கண்ணியைப் போடுங்கள். சுற்று முடிவில் ஸ்லிப்பைச் சங்கிலியில் குத்தாமல் அந்த முதல் கண்ணியின் தலையில் குத்துங்கள். சங்கிலி உள்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், இடைவெளி மூடிவிடும். போட்ட நான்கு சுற்றைப் பிரிக்க வேண்டாம், அந்தக் கோட்டில் மீதி நூல்வாலை உள்ளிருந்து ஓட்டிவிட்டால் போதும்.

இடக்கைராணி
கடைசியாக ஒரு கேள்வி. உள்ளங்கையில் பஞ்சு உருண்டை உருண்டையாக வந்தால் பிடுங்கலாமா?

பனியன்காரன்
பிடுங்கினால் கூடவே இன்னும் இழை வெளியே வரும். சின்னக் கத்தரியால் வெட்டுங்கள். துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள், அதுவே பாதி குறைத்துவிடும்.